வரைவாகவே கிடந்துபோன ஆலோசனைகள்

கணினித் தொழில்நுட்பமும் பொதுக்கொள்கையும் சந்திக்கும் இடத்தைப் பற்றிய இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியிருந்தன. அரசுகள் கணினித் திட்டங்களைத் தீட்டும்போது யாரிடம் ஆலோசனை கேட்கின்றன, கேட்டதைப் பிறகு என்ன செய்கின்றன என்பதே அது. ஆகவே அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் சிலர் பொறுப்பான பணிகளில் இருப்பதால் யாருடைய பெயரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எங்கள் துறை ஒரு பெரிய மென்பொருள் திட்டத்தைத் தொடங்குமுன் 'சார்பற்ற நிபுணர்' ஒருவரின் கருத்தைப் பெற்றதாகக் கோப்பில் குறித்திருக்கிறார்கள். அந்த நிபுணரோ, அதே திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி தரக் காத்திருக்கும் நிறுவனங்களுக்கும் ஆலோசகராக இருப்பவர். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவரைச் சார்பற்றவர் என்று அழைக்கலாமா?
— அரசுப் பணியில் உள்ள வாசகர்

பதில்: அழைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அவர் பணம் வாங்குகிறார் என்பது அதற்குக் காரணமல்ல. யாரிடமும் எதுவும் பெறாதவரே சார்பற்றவர் என்று வரையறுத்தால், இத்துறையில் ஆழ்ந்த அறிவுள்ளவர் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். பெரிய அமைப்புகள் எந்த இடத்தில் விரிசல் விடும் என்பது அவற்றைக் கட்டிப் பராமரித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பார்ப்பது மூன்றைத்தான். "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு என்ன இழப்பு? அப்படிச் சொன்னால் அந்தச் சொல் வெளியே வருமா? அவரைக் கேட்டது முடிவெடுப்பதற்கு முன்பா, பின்பா? உங்கள் நிபுணர் முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார். திட்டமே வேண்டாம் என்று அவர் எழுதினால், அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் ஒப்பந்தம் இல்லாமல் போகும்.

பணம் பெற்றும் சார்பின்றி நடந்துகொள்ள முடியும் என்பதற்கு மென்பொருள் பொறியியல் அறிஞர் டேவிட் பார்னாஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1985இல், பாய்ந்துவரும் அணு ஏவுகணைகளை வழியிலேயே தடுத்து அழிக்கும் திட்டம் ஒன்றுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கணினி ஆலோசனைக் குழுவை அமைத்தது. குழு உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர். பார்னாஸ் ராணுவ ஆய்வை எதிர்ப்பவர் அல்லர். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்துக்கே பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர். ஆனால் குழுவில் சேர்ந்த சிறிது காலத்திலேயே விலகினார். விலகியதோடு நில்லாமல், காரணங்களை எட்டுச் சிறு கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. இத்திட்டத்தை இயக்க வேண்டிய மென்பொருளை உண்மையான போரில் சோதித்துப் பார்க்க வழியில்லை. முதன்முறை ஓடும்போதே பிழையின்றி ஓடியாக வேண்டும். போர் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் பிழைதிருத்த நேரமும் இருக்காது. இப்படிப்பட்ட மென்பொருளை நம்பலாம் என்று எந்தப் பொறியாளரும் உறுதி தர முடியாது என்றார். திட்டம் கைகூடாது என்று தனிப்பேச்சில் ஒப்புக்கொண்டவர்கள்கூட, ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறதே என்று தொடர்ந்ததாகவும் அவர் பின்னர் எழுதினார். இந்தக் கடைசிச் செய்திதான் என்னை நெடுநாள் உறுத்தியது, ஏனென்றால் அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவே.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த சில ஆண்டுகளில் யார் யாருக்காகப் பணியாற்றினார் என்ற பட்டியலை அந்த நிபுணரிடம் எழுத்தில் பெற்று, அவருடைய கருத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கருத்தை வாசிப்பவர் அதையும் வாசித்துவிட்டு முடிவுக்கு வரட்டும்.

கேள்வி: சட்டம் இயற்றும் அவைக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்ப ஆலோசனை அமைப்பு தேவையா? உறுப்பினர்கள் தேவைப்படும்போது பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்ளக் கூடாதா?
— சட்டக் கல்லூரி மாணவர்

பதில்: கேட்டுக்கொள்ளலாம், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே. அமைச்சகங்களுக்கு ஆய்வகங்கள் உண்டு, நிறுவனங்களுக்குப் பொறியாளர்கள் உண்டு. இந்த இரு தரப்பும் வந்து சொல்வதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய அவைக்கு மட்டும் கையில் எதுவும் இல்லை என்பது விநோதமான நிலைமை. இதை உணர்ந்துதான் அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தைச் சட்டம் இயற்றி அமைத்தது. அதை நிர்வகித்த குழுவில் 12 உறுப்பினர்கள்: இரு அவைகளிலிருந்தும் ஆறு ஆறு பேர், இரு கட்சிகளிலிருந்தும் ஆறு ஆறு பேர். எந்தக் கட்சியும் தனியாக அதை வளைக்க முடியாத ஏற்பாடு இது. அந்த அலுவலகம் "இதைச் செய்யுங்கள்" என்று பரிந்துரைப்பதில்லை; இந்த வழியில் போனால் இன்னது நேரும், அந்த வழியில் போனால் அது நேரும் என்று வழிகளை விரித்துவைப்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய 750 அறிக்கைகள் வெளிவந்தன. 1995இல் செலவைக் குறைப்பதாகச் சொல்லி அதை மூடினார்கள். ஆண்டுக்கு 2 கோடி டாலரைச் சற்றே தாண்டிய செலவு அது. ஓர் அரசுக் கணினித் திட்டம் வழிதவறினால் கரையும் தொகையோடு ஒப்பிட்டால் சில்லறை.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 1989இலும் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 1990இலும் இத்தகைய அலுவலகங்கள் தொடங்கி இன்றும் நடக்கின்றன. பிரிட்டன் அலுவலகம் நான்கு பக்கக் குறிப்புகளுக்குப் பெயர்பெற்றது. மசோதா விவாதத்துக்கு வரும் வாரத்தில் கையில் இருக்கும் நான்கு பக்கம், அது நிறைவேறிய பின் வரும் நானூறு பக்கத்தைவிட மேல்.

கேள்வி: தவறு என்று சொல்ல ஆள் இருந்தும் அரசுகள் தவறான கணினித் திட்டங்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகின்றனவே, அது எப்படி? ஆலோசனை எந்த இடத்தில் தொலைந்துபோகிறது?
— இதழியல் மாணவி

பதில்: ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று மக்கள் பெயர் வைத்த திட்டத்தைப் பாருங்கள். ஆலோசனை தொலையும் எல்லா இடங்களும் அந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

அந்நாட்டில் அரசின் உதவித்தொகை பெறுபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைத் தெரிவிப்பார்கள். அந்த இரு வாரத்துக்கு உரிய தொகை அதைப் பொறுத்துக் கணக்கிடப்படும். வரித்துறையிடமோ ஆண்டு வருமானம் மட்டுமே இருக்கும். இரண்டையும் கணினியைக் கொண்டு ஒப்பிட்டு, மிகையாக உதவித்தொகை பெற்றவர்களைக் கண்டுபிடித்து வசூலிப்பது என்று திட்டமிட்டார்கள். ஒப்பிட என்ன செய்தார்கள் தெரியுமா? ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்தார்கள்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் முதல் 13 இருவாரங்கள் அவருக்கு வேலை இல்லை. வருமானம் பூஜ்யம் என்று உண்மையாகத் தெரிவித்து உதவித்தொகை பெறுகிறார். அடுத்த 13 இருவாரங்களில் வேலை கிடைத்து ஒவ்வொன்றிலும் 2,000 டாலர் சம்பாதிக்கிறார், உதவித்தொகையை நிறுத்திக்கொள்கிறார். ஆண்டு வருமானம் 26,000. கணினி அதை 26ஆல் வகுத்து, அவர் ஒவ்வோர் இருவாரத்திலும் 1,000 டாலர் பெற்றார் என்று கொள்கிறது. அப்படியானால் முதல் 13 முறை அவர் தெரிவித்த பூஜ்யம் பொய்யாகிறது. அவர் மேல் கடன் விழுகிறது. இல்லை என்று நிரூபிக்க, பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவரே தேடிக் கொண்டுவர வேண்டும். சராசரி என்றால் என்ன என்று தெரிந்த பள்ளி மாணவரே இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியிருப்பார். நிபுணர் இல்லாத குறை இங்கே இல்லை.

சொன்னவர்களும் இருந்தார்கள். இம்முறை சட்டத்தோடு பொருந்தாமல் போகலாம் என்று 2014இலேயே துறையின் சொந்தச் சட்ட ஆலோசகர்கள் எழுதினார்கள். 2018இல் வெளியிலுள்ள சட்ட நிறுவனம் ஒன்றிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இது சட்டப்படி நிற்காது என்ற பொருள்பட அது தந்த கருத்து 'வரைவு' என்ற நிலையிலேயே விடப்பட்டது. இடையில் பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கும் பணி கொடுக்கப்பட்டு, எட்டு லட்சம் டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. இறுதி அறிக்கை ஒப்படைக்கப்படவேயில்லை. 2019இல் நீதிமன்றத்தில் அரசு தன் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை வகுத்தல் நடந்துகொண்டேயிருந்தது. 2023இல் அறிக்கை அளித்த அரச விசாரணை ஆணையம் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது.

இதில் 'வரைவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வரைவு என்றால் முடிவானதல்ல. முடிவானதல்ல என்றால் அமைச்சரிடம் காட்ட வேண்டியதில்லை, தகவல் கேட்பவருக்குத் தர வேண்டியதில்லை. பிடிக்காத ஆலோசனையைக் கிழித்தெறிவது ஆபத்து என்பதை அறிந்தவர்கள் அதை முடிக்காமல் வைத்திருப்பார்கள்.

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் நான் எழுதிய பத்தி ஒன்று, "குறித்த காலத்தில் இதை முடிப்பது இயலாது" என்று முடிந்தது. திரும்பி வந்த படியில் "இயலாது" என்ற சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் சிவப்பு மையில் "சவாலானது" என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே சொல்தானே என்று ஒப்பமிட்டுவிட்டேன். இன்றைக்கு அந்தத் தாள் வந்தால் ஒப்பமிடமாட்டேன்.

பரிகாரம் பெரிய தத்துவம் எதிலும் இல்லை. அலுவலக நடைமுறையில்தான் இருக்கிறது. ஆலோசனைக்கு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குப் பின் வரைவும் இறுதியானதாகக் கருதப்பட வேண்டும். தானாகவே வெளியிடப்பட வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று துறை எழுத வேண்டும். பிரிட்டனில் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் அறிக்கைக்கு அரசு இரண்டு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு. அந்தப் பதில் பல நேரங்களில் மழுப்பலாக இருந்தாலும், மழுப்பினார்கள் என்பதாவது பதிவாகிவிடுகிறது.

கேள்வி: மறையாக்கம் செய்த, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய, செய்திகளைக் காவல்துறை மட்டும், அதுவும் நீதிமன்ற ஆணையோடு மட்டும், திறக்கும்படி ஒரு வழி வைக்கச் சொன்னால் நிபுணர்கள் எப்போதும் "முடியாது" என்கிறார்கள். உண்மையிலேயே முடியாதா, அல்லது அவர்களுக்கு அதில் மனமில்லையா?
— ஓய்வுபெற்ற காவல்துறை அலுவலர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. மனமின்மை சிலரிடம் இருக்கலாம்; ஆனால் அதை ஒதுக்கிவைத்து, நடந்ததை மட்டும் பார்ப்போம்.

1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்ற மின்னணுச் சில்லை (சிப்) அறிவித்தது. தொலைபேசி உரையாடலை அது மறையாக்கும். ஒவ்வொரு சில்லின் திறவுகோலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரு அரசு அமைப்புகளிடம் இருக்கும். நீதிமன்ற ஆணை இருந்தால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம். நீங்கள் கேட்கும் அதே ஏற்பாடு, நாட்டின் மிகத் தேர்ந்த மறையாக்க வல்லுநர்கள் உள்ளே இருந்து வடிவமைத்தது. உரையாடலோடு சேர்த்து, காவல்துறைக்கான அடையாளத் துண்டு ஒன்றைச் சில் அனுப்பும். அத்துண்டு போலியல்ல என்று சரிபார்க்க அதில் 16 பிட் சரிபார்ப்பு எண் இருந்தது. 16 பிட் என்றால் 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் பதினாறு; மொத்தம் 65,536 வாய்ப்புகள்தான். மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் 1994இல் காட்டியது இதைத்தான்: ஏதோ ஒரு பொய்த் துண்டைத் தயாரித்துச் சில்லிடம் நீட்டிக்கொண்டேயிருந்தால், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஏதாவது ஒன்றைச் சில் சரியென ஏற்றுக்கொள்ளும். அதன்பின் மறையாக்கம் முழுமையாக வேலை செய்யும். காவல்துறையின் கையில் கிடைப்பதோ குப்பை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு சில்லின் வடிவமைப்புப் பிழைதானே, அடுத்ததில் திருத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1997இல் பதினொரு வல்லுநர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பிழை ஒரு பகுதிதான். திறவுகோல்களைக் கோடிக்கணக்கில் ஓரிடத்தில் சேர்த்துவைப்பதே திருடனுக்கு வழிகாட்டுவதாகும் என்றார்கள். 2015இல், அவர்களில் பலரும் புதியவர்களுமாகப் பதினைந்து பேர் மீண்டும் ஆராய்ந்து, ஆபத்து கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை என்றார்கள். இடையில் கிரேக்கத்தில் நடந்தது அவர்களுக்குச் சாட்சி. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று ஒரு கைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில் இருந்த வசதியை யாரோ கைப்பற்றி, 2004, 2005 ஆண்டுகளில் அந்நாட்டுப் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆபத்தைச் சுமந்தாவது குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டுமா என்பது நிபுணர் தீர்மானிக்கும் விஷயம் அல்ல; அது மக்கள் பிரதிநிதிகளுடையது. "சாவி கசியும்" என்று சொல்வதோடு நிபுணரின் அதிகாரம் முடிகிறது. ஆனால் "இன்னும் முயன்றால் கசியாத சாவி செய்துவிடலாம்" என்று ஒரு அமைச்சர் சொன்னால், அவர் நிபுணரின் எல்லைக்குள் வந்துவிட்டார், ஆதாரம் கேட்கலாம்.

கேள்வி: 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இந்த நிபுணர்களை எப்படி நம்புவது?
— வணிகத்தில் உள்ள வாசகர்

பதில்: பல ஆண்டு உழைத்து நிரல்களைத் திருத்தியதால் பெரிதாக நடக்கவில்லை. திருத்தத்துக்குத் தப்பிய இடங்களில் நடந்தது: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஒரு மருத்துவமனைக் கணினி, ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்ததால் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டு, 150க்கும் மேற்பட்டோருக்குக் குழந்தையின் நலம் பற்றிய தவறான பரிசோதனை முடிவைத் தந்தது. விமானங்கள் விழும் என்றவர்கள் மிகைப்படுத்தினார்கள் என்பதும் உண்மைதான். அவர்களில் பலர் நிரலாளர்கள் அல்லர். அடுத்த சிக்கல், நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகளில் எண்ணிக்கைக்கு இடம் தீர்ந்துபோகும் 2038 ஜனவரி 19 அன்று வருகிறது. அன்றும் ஒன்றும் நடக்காவிட்டால் அது நல்ல செய்தி.

கேள்வி: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பாதுகாப்பானது என்று வல்லுநர் குழு சான்று தந்துவிட்டால், சாதாரண வாக்காளர் அதை ஏற்றுக்கொள்வதுதானே முறை? எல்லோரும் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: பாலம் கட்டும்போது உங்கள் வாதம் சரி, அம்மா. பாலம் இடிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாக்கு எண்ணிக்கை தவறினாலோ வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இருக்காது.

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று இதை நேராக எதிர்கொண்டது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் இயந்திரத்தில் வாக்களித்திருந்தார்கள். இயந்திரங்கள் முறைப்படி வல்லுநர் சோதனையில் தேறியவை. தேர்தலில் மோசடி நடந்ததாக ஆதாரமும் இல்லை. எனவே தேர்தல் ரத்தாகவில்லை. ஆயினும் அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. தேர்தலின் முக்கியமான படிகளை, தனித்த தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனே சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம். வல்லுநரின் சான்று குடிமகனின் கண்ணுக்கு ஈடாகாது என்று ஒரு நீதிமன்றமே சொன்னது எனக்கு, வல்லுநர் என்ற முறையில், சற்றுக் கசப்பாகவும் மிகுந்த நிம்மதியாகவும் இருந்தது.

நெதர்லாந்தில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கிருந்த இயந்திரம் வாக்கு எண்ணுவதற்கென்றே செய்யப்பட்டது, சாதாரணக் கணினி போன்றதல்ல என்ற பேச்சு இருந்தது. 2006இல் ஓர் ஆர்வலர் குழு அத்தகைய இயந்திரம் ஒன்றைப் பெற்று, அதன் நினைவகச் சில்லைச் சில நிமிடங்களில் மாற்ற முடியும் என்று காட்டியது. கூடவே அதைச் சதுரங்கம் ஆடவும் வைத்தது. 2008க்குள் அந்நாடு காகிதத்துக்கே திரும்பிவிட்டது.

இயந்திரமே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. இயந்திரம் எண்ணட்டும், வாக்காளர் கண்ணால் பார்த்த காகிதமும் இருக்கட்டும், தேர்தலுக்குப் பின் குலுக்கலில் எடுத்த காகிதங்களைக் கையால் எண்ணி ஒப்பிடட்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுவதும் இப்படிச் செய்கிறது.

கேள்வி: சார்பற்ற அமைப்பு தந்த ஆலோசனையே தவறாகப் போனதுண்டா? நீங்கள் ஒரு பக்கமாகவே எழுதுவதாகத் தோன்றுகிறது.
— வழக்கறிஞர் ஒருவர்

பதில்: உண்டு, உங்கள் தொழிலைச் சேர்ந்த எடுத்துக்காட்டே இருக்கிறது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணினி தந்த பதிவைக் குற்றவழக்கில் சாட்சியமாக ஏற்க, அக்கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும். இது நடைமுறைக்குச் சுமையாக இருக்கிறது, அற்பக் கோளாறைக் காட்டிக்கூட நல்ல சாட்சியத்தை விலக்கிவிடலாம் என்று கருதி, அதை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைத்தது. எவருடைய சார்பும் இல்லாத, மதிப்புமிக்க அமைப்பு அது. 1999இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அப்பிரிவு நீங்கியது. அதன்பின் கணினி சரியாக இயங்கியது என்றே அனுமானிக்கப்படும். இல்லை என்பவர்தான் ஐயத்தை எழுப்ப வேண்டும்.

அதே காலத்தில்தான் அந்நாட்டு அஞ்சல் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டுவந்தது. மாலையில் கணக்கு முடிக்கும்போது, உண்மையில் இல்லாத பற்றாக்குறையைத் திரை காட்டும். கிளையை நடத்துபவர் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் திருட்டுக் குற்றம். 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். மென்பொருளின் அறியப்பட்ட பிழைகளுக்கென்று அதை வழங்கிய நிறுவனத்திடம் ஒரு பதிவேடே இருந்தது; குற்றஞ்சாட்டப்பட்ட கிளை நடத்துபவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாதபோது அவர் எதைக் காட்டி ஐயத்தை எழுப்புவார்? 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை விரிவாகப் பதிவுசெய்தது. 2024இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது.

ஆணையம் யாருக்கும் விலைபோகவில்லை. ஆயினும் பெரிய மென்பொருளில் பிழை இருப்பது விதிவிலக்கல்ல, இயல்பு என்ற அறிவு அந்தப் பரிந்துரைக்குள் போதிய அளவு நுழையவில்லை. சார்பின்மையும் துறையறிவும் இரண்டு வேறு சரக்குகள். ஒன்றை வாங்கினால் மற்றது இலவசமாக வராது.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரலாளர். அரசு ஒரு வரைவுச் சட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டிருக்கிறது. என்னைப் போன்ற ஒருவர் எழுதினால் யாராவது படிப்பார்களா? எப்படி எழுத வேண்டும்?
— இளம் வாசகர்

பதில்: படிப்பார்கள், நீங்கள் படிக்கும்படி எழுதினால். அந்தக் கருத்துகளைத் தொகுக்கும் அலுவலரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் மேசையில் பல நூறு கடிதங்கள், பெரும்பாலானவை "இச்சட்டம் தனியுரிமையைப் பாதிக்கும்" என்றோ "இச்சட்டம் காலத்தின் தேவை" என்றோ தொடங்குபவை. அவருக்கு வேண்டியது பிரிவு எண். எந்தப் பிரிவின் எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல், அந்தச் சொல்லால் இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பில் என்ன நேரும், அதற்குப் பதில் என்ன சொல் வைக்கலாம். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, பயனர் கேட்டதும் 24 மணி நேரத்தில் அவருடைய தரவு "முற்றிலும் அழிக்கப்பட வேண்டும்" என்று வரைவு சொல்வதாக வைத்துக்கொள்வோம். காப்புப்பிரதி நாடாக்களிலிருந்து ஒருவருடைய பதிவை மட்டும் தனியே எடுத்து அழிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும்; சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இயங்கும் தரவுத்தளத்திலிருந்து 24 மணி நேரத்திலும், காப்புப்பிரதிகள் தம் சுழற்சி முடியும்போதும் அழியட்டும், இடையில் மீட்டெடுக்க நேர்ந்தால் அப்பதிவை மீண்டும் நீக்க வேண்டும் என்று மாற்றுச் சொற்றொடரையே எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கத்தை அலுவலர் தனியாக எடுத்துவைப்பார்.

எந்த நிறுவனத்தில் பணிபுரிகிறீர்கள் என்பதையும், இது நிறுவனத்தின் கருத்தல்ல, உங்களுடையது என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அனுப்புமுன் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில்தான் அனுப்ப வேண்டும் என்று மேலாளர் சொன்னால், எந்த வரியை அவர் மாற்றச் சொல்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.